எச்சில் சொல்லாதது

எச்சிலுக்குப் பயந்த டீச்சர் இந்தக் கல்முனைக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதிபருக்குப் பயந்ததில்லை, பாம்புக்குப் பயந்ததில்லை. சுனாமியில் கடல் வந்து ஊரை வழித்துக்கொண்டு போய் வருஷங்கள் ஆன பிறகு கடலுக்கும் பயப்பட மறந்திருந்தேன். அப்படிப்பட்டவளுக்கு விரல் நீளமுள்ள நாலு பிளாஸ்டிக் குழாய்கள் ஒரு நோன்பு மாதம் முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்தன.

குழாய்களை அனுப்பியவன் கனடாவில் இருக்கும் என் தம்பி. நாங்கள் அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஆட்கள் என்பது அவனுடைய அசையாத நம்பிக்கை. குழாயில் துப்பி அனுப்பினால் எங்களில் எந்தத் தேசத்து இரத்தம் ஓடுகிறது, யார் யாருக்கு என்ன சொந்தம் என்று ஆய்வுகூடத்தில் சொல்லிவிடுவார்களாம்.

“கப்பல்ல வந்தது ஆம்புளையள்தானே மனே? அவங்களுக்குச் சோறு ஆக்கிக் குடுத்தவ எங்கால வந்தவ?” என்று கேட்டேன்.

“அதையும் பாப்பம் ராத்தா. முதல்ல துப்புங்க.”

அவனைச் சொல்லி என்ன, எனக்கும் அந்தப் பைத்தியம் முன்பிருந்தே உண்டு. பள்ளிக்கூட லீவு வந்தால் மற்ற டீச்சர்மார் நுவரெலியாவுக்குப் போவார்கள். நான் கொழும்புக்குப் பஸ் ஏறி, சுவடிகள் திணைக்களத்து மேசையில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாவட்ட அலுவலகமான கச்சேரியின் பழைய காணி உறுதிகள், பிறப்புப் பதிவுகள், விவாகப் பதிவுகள் எல்லாம் புரட்டினேன். தேடியது என் உம்மாவின் உம்மாவுக்கு உம்மா யார் என்பதை. எங்கள் கரையில் குடி என்கிற வம்சம் உம்மா வழியாக வரும். பள்ளிவாசலில் குடிக்கொரு தலைவராக மரைக்கார் இருப்பார். ஒரே குடிக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, மாப்பிள்ளை எடுப்பதும் இல்லை. ஒரு குடிக்காரர் எல்லோரும் கூடப்பிறந்தவர்கள் என்று எண்ணம். ஆனால் காகிதத்தில் இருப்பதெல்லாம் வாப்பாமார். வாப்பா, வாப்பாவின் வாப்பா, அவருடைய வாப்பா என்று வரிசையாக நிற்பார்கள். உம்மாமாரைத் தேடினால் ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதிக் கதையை முடித்திருப்பார்கள். எரிச்சல் எரிச்சலாக வரும்.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பையன் மகளைவிட மூன்று வயது மூப்பு, கம்பியூட்டர் வேலை. கெம்பஸ் பஸ்ஸில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பிடித்துப்போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் என்னிடம் சொல்லாமல் வாப்பாவிடம் சொன்னாள், கள்ளி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என் புருஷன் இருந்த வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி கட்டத் தொடங்கினார். சாய்ந்தமருது மீன் சந்தையில் மொத்த வியாபாரம் முடித்துவிட்டு வந்து, குளிக்கக்கூடப் பொறுமையில்லாமல் மேலே ஏறி மேசனோடு சண்டை பிடிப்பார்.

பையனை எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. வாய் அதிகமில்லை. கேள்வி கேட்டால் ஒரு கையால் தன் காதுமடலைப் பிடித்துத் திருகிக்கொண்டு யோசித்துத்தான் பதில் சொல்வான். “காத மிச்சம் வைங்க, கலியாணத்துக்கு வேணும்” என்று மகள் கதவுக்குப் பின்னாலிருந்து கேலி செய்வாள். அவனுடைய வாப்பா மௌத்தாகிச் சில வருஷம். உம்மாவுக்கு ஒரு கால் நொண்டல். கடல் வந்த வருஷத்தில் ஒடிந்ததாம். மனம் விட்டுச் சிரிக்கிற மனுஷி. நான் மச்சி என்றேன், அவரும் மச்சி என்றார், சரியாகிப்போயிற்று.

குடி கேட்டோம். வேறு குடி. அல்ஹம்துலில்லாஹ்.

அதன் பிறகு தையல் கடைக்குப் போன இடத்தில் ஒருத்தி என் காதுக்குள் வந்து ஓதினாள். “அவன்ட பேர்த் கடலுக்குப் பிறகு எடுத்தது, தெரியுமா டீச்சர்? அது பெத்த புள்ளயா, கடல்ல எடுத்த புள்ளயா எண்டு ஆருக்குத் தெரியும்?”

போடி என்று வந்துவிட்டேன். கடலுக்குப் பிறகு எங்கள் எல்லோருடைய பிறப்புப் பத்திரமும் புதிதாக எடுத்ததுதான்; என்னுடையதும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பயம் பிடித்துவிட்டது. எடுத்த பிள்ளை என்றால் அந்த உம்மாவின் குடி அவன் குடி இல்லை. அப்படியென்றால் எந்தக் குடி? எங்கள் குடியில் மட்டும் எத்தனை குழந்தைகள் மையித்துக்கூடக் கிடைக்காமல் போனார்கள்! அதில் ஒருவனாக இருந்தால்? என் மகளை அவளுடைய சொந்தக் குடிக்குள்ளேயே கட்டிவைத்தேன் என்று ஊர் சொல்லாதா? அப்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் ஊர்ப் புத்தி குடியோடு நின்றுவிட்டது.

தம்பியின் பார்சல் வந்தது அந்தக் கிழமை. நாலு குழாய். எனக்கொன்று, மகளுக்கொன்று, மிச்சம் இரண்டையும் பார்த்ததும் எனக்கு யோசனை ஓடியது. சம்பந்திமாரை நோன்பு திறக்கக் கூப்பிட்டேன்; தம்பியின் அரபுக் கப்பல் ஆராய்ச்சிக்கு அவர்களும் துப்பட்டும் என்று சாக்குச் சொன்னேன்.

துப்புவதற்கு அரை மணித்தியாலம் முன்னால் ஒன்றும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று பெட்டியில் எழுதியிருந்தது. நோன்பு நாளில் அது லேசு என்று நினைத்தேன். நோன்பாளியின் வாயில் எச்சில் எங்கே வரும்! நாலு பேரும் ஹோலில் குழாயை வாயில் வைத்துக்கொண்டு வெறும் காற்றை ஊதினோம். பையனுடைய உம்மாதான் எழும்பிப் போய் ரோல்ஸ் தட்டைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார்.

“இதப் பாருங்க மச்சி. நல்லாப் பாருங்க. வரும்.”

வந்தது. மகள் சிரித்துச் சிரித்துக் குழாயைக் கவிழ்க்கப் பார்த்தாள். பையன் ஒரு கையால் காதைத் திருகிக்கொண்டு மறு கையால் குழாயைப் பிடித்திருந்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த மனுஷியை என் வீட்டுக்குக் கூப்பிட்டு, கஞ்சி காய்ச்சி வைத்து, அவர் பெற்ற பிள்ளையா என்று சோதிக்கிறேனே என்று என்னை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு வருவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வகுப்பில் பிள்ளைகளின் பெயர் மறந்தது. கறியில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். தம்பியின் போன் கோல் என்று நினைத்து எந்தச் சத்தத்துக்கும் ஓடுவேன். மேலே மேசன் சுவர் எழுப்பும் சத்தம் கேட்கக் கேட்க, இவ்வளவும் இடிந்து விழப்போகிறதே என்று நினைப்பேன்.

பெருநாளுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தம்பி எடுத்தான். அவன் குரலில் உயிரே இல்லை.

“ராத்தா, அரபு எண்டு தேடித்தான் பாக்கணும். முழுக்க இஞ்சத்தயும் தென்னிந்தியாவும்தான்.”

“அத வுடுடா! மத்தது?”

“மத்ததென்ன? அவவும் மகனும் உம்மாவும் புள்ளயும்தான், அதில சந்தேகமே இல்ல. உங்களுக்கும் அவங்களுக்கும் கிட்டத்துச் சொந்தம் ஒண்டும் இல்ல.”

நான் நின்ற இடத்திலேயே சுஜூதில் விழுந்தேன். குடி வேறு, இரத்தம் வேறு, பெற்ற உம்மா அவரேதான். எந்தப் பதிவில் தேடினாலும் எந்த ஆய்வுகூடத்தில் பார்த்தாலும் இனி ஒரு தடையும் இல்லை. தொதல் இனிப்புக் கிண்டச் சொல்லி ஆள் விட்டேன். புருஷன் மாடிக்கு மாபிள் பார்க்க ஓடினார். நிக்காஹ் நாளும் குறித்தோம்.

அடுத்த நாள் தொதலோடு மருதமுனைக்குப் போனேன். பையனுடைய உம்மாவிடம் முடிவைச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்போடேயே அழுதார்.

“என்ட புள்ள எண்டு எனக்கு எச்சிலா சொல்லணும் மச்சி? ஆனா கொஞ்ச நாள் அவன் என்ட கையில இல்ல. நான் கால் ஒடிஞ்சு அம்பாறை ஆஸ்பத்திரியில கிடந்தன். இவன்ட வாப்பா இவனத் தூக்கிக்கிட்டு நாவிதன்வெளிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல அகதியா இருந்தாரு. போத்தல் பால் குடிக்க மாட்டான், கத்திக் கத்தித் தொண்ட அடைச்சுப் போச்சாம். அங்க ஒரு பொம்புளதான் தன்ட புள்ளயோட சேத்து இவனுக்கும் பால் குடுத்தாவாம்.”

நான் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன்.

“திரைக்கு இஞ்சால இருந்து அவர் குடுப்பாராம், அங்கால இருந்து அவ வாங்குவாவாம். முகம் காணல்ல, பேர் கேக்கல்ல. ஒருநாள் அவ சிரிச்சுச் சொன்னாவாம், ‘உங்கட மகன் குடிக்கக்குள்ள என்ட காதத் திருகித் திருகி அறுத்துருவான் போல’ எண்டு. மௌத்தாகு மட்டும் அவர் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒவ்வொரு தொழுகையிலயும் நான் அவவுக்கு துஆக் கேக்கன். ஏன் மச்சி, இந்த டெஸ்டில அவவத் தேடிக் கண்டுபிடிக்க ஏலாதா? அவட கையக் கொஞ்சிட்டுத்தான் என்ட மகன்ட கலியாணத்தச் செய்யணும்.”

ஏலாது என்றேன். பால் அதில் தெரியாது என்றேன். எந்த வாயால் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏனென்றால் காதை அறுத்துவிடுவான் என்று சிரித்த அந்த வாய் என்னுடையது.

என் மூத்த மகன், இப்போது கட்டாரில் இருப்பவன், அப்போது ஏழு மாதக் குழந்தை. கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோனது, என் மாமியாரைக் கொண்டுபோனது. நாவிதன்வெளிப் பள்ளிக்கூடத்து வகுப்பறையின் குறுக்கே கட்டியிருந்த சீலைக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒரு குழந்தை கத்துகிற சத்தம் தாங்க முடியாமல் இங்கே தாருங்கள் என்றேன். பச்சைச் சாறன் துண்டில் சுற்றி ஒரு கை நீட்டியது. யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை. அந்த நாட்களில் ஒருவரிடம் பெயர் கேட்டால் அவர் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிடுவார். பிறகு அதைப் பற்றி வீட்டில் நாங்கள் கதைத்ததே இல்லை. என் மகள் பிறந்தது அதற்குப் பிறகு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மார்க்கம் படிப்பிக்கிற மௌலவியாவிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அவர் கொப்பி திருத்திக்கொண்டே சொன்னார்.

“ரெண்டு வயசுக்குள்ள, வயிறு நிறைய அஞ்சு தரம் குடுத்திருந்தா அவன் அவட மகன்தான் டீச்சர். அவ பெத்த புள்ளயள் எல்லாம் அவனுக்குக் கூடப்பிறந்ததுகள், கட்ட ஏலாது.”

“பிறகு பிறந்த புள்ளயும்?”

“பிறகு பிறந்ததும்தான்.” அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவைத்தார்.

புருஷனிடம் சொன்னேன். மாபிள் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் அவருக்குக் கோபம்தான் வரும்.

“இஞ்ச பாரு புள்ள, அந்த ஸ்கூல்ல எத்தின பொம்புளயள், எத்தின கைக்குழந்தையள்! உனக்கென்ன விசரா? குடி பாத்தாச்சு, இரத்தம் பாத்தாச்சு. வாய மூடிட்டு இரி. அந்தப் புள்ளட மூஞ்சப் பாத்தியா இந்த நாளையில?”

பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது? என் மகள் பாட்டுப் படித்துக்கொண்டு திரிந்தாள்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. குடும்ப வரலாறு தேடுகிறேன் என்று சொல்லி அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பழைய நிவாரணக் கோப்புகளைக் கேட்டு வாங்கினேன். ஒரு வேளை நாங்கள் வேறு பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கலாம், என் மூளை பிசகியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. எத்தனை வருஷம் காகிதம் புரட்டியிருக்கிறேன்! ஒன்றும் கிடைத்துவிடக் கூடாது என்று துஆக் கேட்டுக்கொண்டு புரட்டியது அன்றைக்கு மட்டும்தான். கறையான் தின்றது போக மிஞ்சியதில் என் புருஷன் பெயர் இருந்தது. கொஞ்சம் கீழே பையனுடைய வாப்பாவின் பெயரும் இருந்தது. அரிசி, பாய், மண்ணெண்ணெய் எல்லாம் யாருக்கு எவ்வளவு என்று பதிந்திருந்தார்கள். பாலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழக்கம்போல எழுதப்பட்டதெல்லாம் வாப்பாமார்தான்.

எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இது எங்கேயும் எழுதப்படவில்லை. கண்ட சாட்சி ஒருவர் மௌத்து. இனி என்னையும், வாயை மூடச் சொன்ன புருஷனையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நான் பேசாமல் இருந்தால் கலியாணம் நடக்கும். பேரப்பிள்ளைகள் பிறக்கும். கபுறுக் குழிக்குள் போய் என்ன சொல்வேன், யா அல்லாஹ்?

அஸர் தொழுதுவிட்டு மேலே போனேன். மகள் புது அறையில் எந்தப் பக்கம் அலுமாரி வைப்பது என்று அடி அளந்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. இருக்கச் சொல்லிவிட்டுச் சொன்னேன். நாவிதன்வெளி, சீலை, சாறன் துண்டு, காது.

காது என்றதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அளக்கிற நாடா அவள் மடியிலிருந்து சுருண்டு உள்ளே போன சத்தம் கேட்டது.

“ஆருக்கும் தெரியாதுதானே உம்மா.”

“எனக்குத் தெரியுமே கிளி.”

“டி.என்.ஏ.ல ஒண்டுமில்ல எண்டு மாமா சொன்னாரே. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒண்டுமில்ல எண்டு சொன்னாரே!”

அவள் மார்க்கப் பரீட்சையில் ஏ எடுத்தவள். சட்டம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தின தரம் குடுத்தீங்க?”

“மகள்…”

“நாலு தரம் எண்டு சொல்லுங்க உம்மா. நாலு எண்டு சொன்னா ஒண்டுமில்ல. மறந்துட்டன், நாலு தரமா இருக்கும் எண்டு சொல்லுங்க. எனக்காகச் சொல்லுங்க உம்மா.”

என் வாய் அந்தச் சொல்லைச் சொல்லத் திறந்தது. மெய்யாகவே திறந்தது. பெற்ற வயிறு அப்படித்தான். நாலு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல முடியவில்லை. அவள் என் முழங்காலை விட்டுவிட்டு எழும்பி, கண்ணாடி இல்லாத ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“நான் மருதமுனைக்குப் போய்ச் சொல்லிட்டு வாறன்” என்றேன்.

படி இறங்கும்போது அவள் குரல் கேட்டது. “கேட்டா நாலு எண்டு சொல்லுங்க. நான் கோல் எடுப்பன்.”

ஓட்டோவில் மருதமுனை போகும்வரைக்கும் அந்த நாலு என் நாக்கில் இருந்தது. கேட்டால் சொல்லிவிடலாம், கேட்காவிட்டால் சும்மா இருக்கலாம், இல்லை, பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று ஆயிரம் கணக்குப் போட்டேன். அவர்கள் வாசலில் இறங்கினேன். பையனுடைய உம்மா நொண்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

“என்ன மச்சி, முகமெல்லாம் வெளுத்துப் போய்? சீனி வருத்தம் கூடிட்டா? மகன், மாமிக்குத் தேத்தண்ணி ஊத்து, வெறும் தேத்தண்ணி.”

அவன் குசினிக்குப் போனான். நான் அவருடைய கையை விடாமல் சொன்னேன்.

“மச்சி, நீங்க தேடுற ஆள் நான்தான்.”

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அல்லாஹு அக்பர் என்று கத்திவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்து மாறி மாறிக் கொஞ்சினார், கண்ணில் ஒற்றினார், நெஞ்சில் வைத்து அழுத்தினார். “நீங்களா மச்சி, நீங்களா, என்ட ராசாத்தி, உங்களுக்குத்தானா நான் இவ்வளவு காலமும் கேட்டன்” என்று சொல்லிச் சொல்லிக் கொஞ்சினார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷியை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது, இது இப்போது நின்றுவிடும் என்று தெரிந்ததால்.

நின்றது. என் கை அவர் உதட்டில் இருக்கும்போதே நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“எத்தின நாள் மச்சி?”

மகள் சொன்ன சொல் என் நாக்கில் இருந்தது.

“நீங்க ஆஸ்பத்திரியால வாற வரைக்கும்” என்றேன்.

குசினி வாசலில் அவன் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. கோப்பையை மேசையில் வைத்தான். வைத்த கை தானாகக் காதுக்குப் போனது, பிறகு சுட்டதுபோலக் கீழே இறங்கியது. அந்த நேரம் பார்த்து என் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துத் திரையைப் பார்த்தேன், மகள். எடுக்கத் தைரியமில்லாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது.

அவன் கிட்ட வந்து குனிந்து திரையில் இருந்த அவளுடைய படத்தைப் பார்த்தான். அதுவரைக்கும் அவன் என்னை மாமி என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

“போன எடுங்க உம்மா” என்றான். “தங்கச்சி எடுக்கிறா.”